பூபாலப்பிள்ளையின் மகள் சொன்ன சாட்சி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தவமலரைக் குறை சொல்ல ஆளில்லை. மழை வெயில் பாராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். காய்ச்சலில் கிடக்கிற கிழவிக்குத் தலைவாரி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் ஜெபிக்கவா என்று கேட்பாள். வேண்டாம் என்றால் கோபிக்கமாட்டாள். சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வருவாள். அம்மன் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரே, "வேதக்காரியெண்டாலும் நம்மட புள்ள" என்றுதான் சொல்வார். இப்படிப்பட்டவளுடைய வாயில்தான் அந்தப் பொய் ஆறு வருடமாகச் சுகமாகக் குடியிருந்தது.

அவள் வேதத்துக்கு வந்த கதை சின்னக் கதை. மகனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தான். புருசன் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு தாதி இவன் தலையிலும் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனாள். பிள்ளை பிழைத்தான். தவமலர் சபைக்குப் போகத் தொடங்கினாள். அம்மன் சடங்குக்கு வருடா வருடம் பொங்கல்பானை தூக்குகிற அவளுடைய அப்பா பூபாலப்பிள்ளை இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பிறகு, "உன்ட மனசுக்குச் சரியெண்டா போ மகள்" என்றார். அடுத்த ஞாயிறு மழை என்று அவரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ்சில் விட்டார். வேதாகமம் நனையக்கூடாது என்று யூரியா பையை வெட்டி அதற்கு உறையும் தைத்துக் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் சபையில் சாட்சி சொல்லவேண்டும். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் யாராவது எழுந்து, கர்த்தர் தன்னை எதிலிருந்து மீட்டார் என்று சொல்லவேண்டும். அந்தச் சபையில் சாட்சிக்குப் பஞ்சமே கிடையாது. பேய் பிடித்துப் புளியமரத்தில் ஏறி இருந்தவள் ஒருத்தி. கசிப்புச் சாராயம் காய்ச்சிக் கம்பி எண்ணியவர் ஒருவர். அவர்களுக்குப் பிறகு தவமலர் எழும்பிக் காய்ச்சலையும் தாதியையும் சொன்னால், பின்வரிசை கொட்டாவி விட்டது.

பாஸ்டர் நிமலன் நல்ல மனிதர். பொய் சொல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "ஒள்ளுப்பம் விரிச்சிச் சொல்லுங்க சிஸ்டர். ஊட்டில எதிர்ப்பு ஒண்டும் இருக்கல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

எதிர்ப்பு இருந்தது, அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லை என்றாள். அடுத்த முறை அது ஏச்சாக மாறியது. அதற்கடுத்த முறை, வாழைச்சேனையில், யாரோ ஒரு பெண் விசும்பினாள். அந்த விசும்பல் தவமலருக்குள் ஏதோ செய்தது. என்ன வருகிறது என்று தெரியாமலே, "அடிச்சாரு" என்ற சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அடி வந்தபிறகு கசிப்பும் வரவேண்டியிருந்தது, குடிக்காமல் எந்த அப்பன் அடிப்பான்? கடைசியில் வேதாகமமும் அடுப்புக்குப் போனது, அப்பா அழுது மனந்திரும்புவதோடு சாட்சி முடிந்தது. எல்லாம் தூரத்து ஊர்களில்தான் சொன்னாள். சொந்த ஊர்ப் பக்கம் வாய் திறக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவளுக்கு வெட்கம் இருந்தது. வெட்கம் இருந்ததே தவிர, நிறுத்தவில்லை. சனம் அழுதது, அழுத சனம் முன்னால் வந்து முழங்காலில் நின்றது. ஆத்துமாக்கள்தானே வருகின்றன என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பாஸ்டர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பிய அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் நோர்வேயில் ஒரு சபை அவளுடைய ஊழியத்தைத் தாங்கத் தொடங்கியது. இந்த வருடம் அந்தச் சபையிலிருந்து மார்கிட் என்ற வயதான அம்மா நேரிலேயே வந்துவிட்டார். வந்தவருக்கு ஒரே ஒரு ஆசை. மனந்திரும்பிய அந்த அப்பாவைப் பார்க்கவேண்டும்.

"அவரு வயலுக்குப் போயிருவாரு பாஸ்டர்," என்றாள் தவமலர்.

"வெள்ளாமை வெட்டி முடிஞ்சி எத்தின நாள்? இந்த நேரம் வயலில என்ன, கொக்கா மேய்க்காரு?" என்று பாஸ்டர் சிரித்தார்.

அன்று காலையில் அப்பாவை எப்படியாவது வெளியே அனுப்பப் பார்த்தாள். வாழைக்குலையைச் சந்தைக்குக் கொண்டுபோங்கள் என்றாள், மாமி வீட்டில் கூப்பிட்டார்கள் என்றாள். அவர் அசையவில்லை. "வெள்ளக்கார அம்மா நம்மட ஊட்டுக்கு வாறா. இளநி வெட்டிக் குடுக்க ஆம்பிள ஒருத்தன் நிக்க வேணாமா?" என்று தோய்த்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். அவளுக்கென்று அவர் கல் சுமந்து கட்டிக் கொடுத்த வீட்டின் முற்றம்.

வான் வந்தது. ஓட்டி வந்தவர் ஆதம்பாவா. கோயில் திருவிழா, சபைக் கூட்டம், பள்ளிவாசல் கந்தூரி என்று எந்தச் சனத்தையும் ஏற்றுகிறவர். பூபாலப்பிள்ளையின் நெல்லை இருபது வருடமாக மில்லுக்கு ஏற்றியவரும் அவர்தான். இறங்கினதும் உரிமையோடு, "எனக்கு வழுக்கையாப் பாத்து வெட்டுங்க அண்ணன்" என்று கேட்டுக்கொண்டே மாமரத்தடியில் உட்கார்ந்தார்.

மார்கிட் அம்மா இளநியைக் கையில் வாங்கவில்லை. பூபாலப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. ஏதோ நீளமாகச் சொன்னார். பாஸ்டர் குரலைத் தணித்துத் தமிழில் சொன்னார்:

"ஐயா, நீங்க முந்திக் குடிச்சிட்டு மகளுக்கு அடிச்சத, வேதாகமத்த அடுப்பில போட்டத நினைச்சி இவங்களுக்குக் கோபமே இல்லயாம். இவங்கட அப்பாவும் அப்பிடித்தானாம். ஒருத்தருக்கும் சொல்லாம நெஞ்சுக்குள்ள வச்சிருந்தாங்களாம். உங்கட மகள்ட சாட்சியக் கேட்ட பிறகுதான் வாய் திறந்து அழுதாங்களாம்."

பூபாலப்பிள்ளை கையில் கத்தியோடு நின்றார். "ஆரு?" என்றார்.

மாமரத்தடியிலிருந்து ஆதம்பாவா சிரித்துவிட்டார். "பாஸ்டர், ஊடு மாறி வந்திட்டமா? இந்த மனிசன் தேத்தண்ணிக்குச் சாயம் கூடினாலே தலை சுத்துது எங்கிற ஆள். இவரு கசிப்புக் குடிச்சா நான் மதீனாவுக்கு வான் ஓடுவன்!"

பூபாலப்பிள்ளை மகளைப் பார்த்தார். தவமலர் தட்டிலிருந்த கிளாசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல், இப்போதே சொல்லிவிடு என்று உள்ளுக்குள் யாரோ பிடித்து உலுக்கினார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாலு ஊரில் ஒலிபெருக்கியில் முழங்கிய நாக்குத்தான்.

அவர் குனிந்து கத்தியைத் தென்னங்குற்றியில் குத்தி வைத்தார்.

"ஆதம்பாவா, நீ சும்மா இரி. நெல்லு ஏத்தினவனுக்கு ஊட்டுக்குள்ள நடந்தது என்ன தெரியும்?" பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஓம். அடிச்சன்தான். சொல்லுங்க அம்மாக்கு."

மார்கிட் அம்மா இன்னொன்றும் கேட்டார். எப்படி விட்டீர்கள் என்று.

பூபாலப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார். குடிக்காத குடியை எப்படி விட்டது என்று அவருக்கு என்ன தெரியும், பாவம். "மகள் மன்னிச்சிட்டா," என்றார். "அதோட விட்டுட்டன்."

அவர்கள் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். தலையைக் குனிந்து நின்றார். ஞாயிறு நன்றிக்கூட்டத்துக்குக் கட்டாயம் வந்து மகளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றார்கள். அதற்கும் ஓம் என்றார். வானை எடுக்கும்போது ஆதம்பாவா கண்ணாடியை இறக்கி, தவமலருக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "தங்கச்சி, நான் ஒண்டும் கேக்கல்ல. கேட்டா இளநி தொண்டைக்குள்ள இறங்காது."

வான் ஒழுங்கையைத் தாண்டியதும் தவமலர் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவர் ஏசப்போகிறார், இரண்டு நாள், இல்லை இரண்டு வருடம் கதைக்காமல் இருக்கப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மகள்."

"ம்."

"நான் எப்பயாவது உனக்கு அடிச்சிருக்கனா? சின்னதில? உங்கம்மா செத்த நேரம் எனக்கு ஒள்ளுப்பம் புத்தி தடுமாறித்தான் இருந்த. அப்ப கிப்ப கை நீட்டியிருந்தா சொல்லு. எனக்கு ஞாபகம் இல்ல. நீ பொய் சொல்ற ஆள் இல்லத்தானே, அதான் கேக்கன்."

தன் ஞாபகத்தை விட மகளின் வாயை நம்புகிற ஒரு மனிதனைத்தான் அவள் வாகரை வரைக்கும் கொண்டுபோய்க் குடிகாரனாக்கியிருக்கிறாள். அந்தக் கணத்தில் அவர் எழுந்து வந்து ஒரு அறை கொடுத்திருந்தால் அவள் அவர் காலைக் கும்பிட்டிருப்பாள்.

"இல்லப்பா. நீங்க ஒரு நாளும் அடிக்கல்ல. நான்தான்... நான்தான் அப்பிடிச் சொல்லிட்டன்."

"அப்ப சரி." அவருக்குப் பெரிய மூச்சு வந்தது. "நான் பயந்திட்டன் புள்ள."

"நீங்க ஏன் ஓமெண்டீங்க?"

"பின்ன? வெள்ளக்காரிக்கு முன்னால என்ட புள்ளயக் கள்ளியாக்கச் சொல்றியா?"

அவள் அழுதாள். ஞாயிறு எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்றார். நான் இன்னும் எத்தனை நாளைக்கு, நீ நாலு வீடு ஏறி இறங்குகிறவள், சனம் உன்னை நம்பவேண்டும் என்றார். அவள் கேட்கவில்லை. மூன்று இரவு முழங்காலில் நின்றாள். மார்கிட் அம்மாவின் முகத்தை நினைத்தபோதுதான் ஜெபம் பாதியில் நின்றது. உண்மையாக அடி வாங்கிய ஒருத்தி, வாங்காத அடியை நம்பி மனம் ஆறியிருக்கிறாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

ஞாயிறன்று மண்டபம் நிறைந்திருந்தது. பூபாலப்பிள்ளை முன்வரிசையில் இருந்தார். அறிவு தெரிந்த நாள் முதல் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாத நெற்றி வெறுமையாக இருந்தது. மகளுடைய இடம், மகளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று வழியில் அழித்துவிட்டு வந்திருக்கிறார். அதைக் கண்டதும் தவமலருக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது. மைக்கைப் பிடித்தாள்.

"என்ட அப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல. எனக்கு அடிச்சதில்ல. என்ட வேதாகமத்துக்கு உறை தைச்சித் தந்தவரு. நான் சொன்னதெல்லாம் பொய். அப்பாக்கிட்டயும் உங்களிட்டயும் மன்னிப்புக் கேக்கன்."

மார்கிட் அம்மாவுக்காக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த பாஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டார். மார்கிட் அம்மா பாஸ்டரைப் பார்த்தார்.

முன்வரிசையில் கதிரை கிரீச்சிட்டது. பூபாலப்பிள்ளை எழுந்து நின்று, சனத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவர் பேசுவது அதுதான் முதல் முறை.

"புள்ளக்கி என்ட மானம் போகுதே எண்டு கவலை. அதான் இப்பிடிச் சொல்றா. அடிச்சது மெய்தான். அவ என்னக் காப்பாத்தப் பாக்கா."

"இல்லப்பா!" என்றாள் தவமலர். "நான் சொல்றதுதான் மெய்!" அவள் கத்தக் கத்த, சபைக்கு அது மன்னிப்பாகவே கேட்டது. பின்வரிசையில் யாரோ "அல்லேலூயா" என்றார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டர் "அன்பு திரளான பாவங்களை மூடும்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னார். மார்கிட் அம்மா ஓடிவந்து பூபாலப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இவ்வளவு நல்ல சாட்சியை அந்தச் சபை அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அந்த அம்மாவின் தோளுக்கு மேலால் பூபாலப்பிள்ளை மகளைப் பார்த்தார். நான் சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற முகம். மைக் தவமலரின் கையிலேயே இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை, அவளுக்கும் அதில் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை.