ஐம்பது கே.பி.க்குள் ஒரு முகம்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் சின்னதாகத்தான் ஏதாவது கொண்டுவருவார். அதை இன்னும் சின்னதாக்கிக் கொடுப்பதுதான் பிழைப்பு. மலையாள மண்ணில், ஏலக்காய் விளையும் ஆனைக்கரையில் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன்; ஊருக்கு நான் ‘கம்ப்யூட்டரம்மா’. எட்டு பிட் ஒரு பைட், ஆயிரம் பைட் ஒரு கே.பி., ஆயிரம் கே.பி. ஒரு எம்.பி. என்று நாள் முழுக்க ஓதுகிறேன். எதையாவது அப்லோடு செய்யப் போய் ‘அளவு அதிகம்’ என்று திட்டு வாங்கியவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள்.

எடைக் குறைப்பு

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் மரியபுஷ்பம், மகளின் நர்சிங் விண்ணப்பத்தோடு ஓடிவந்தார். மாலை ஐந்து மணிக்குக் கெடு. அப்போது மணி நாலு நாற்பது. மகளின் போட்டோ நாலு எம்.பி., கேட்டதோ ஐம்பது கே.பி. எண்பதில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சக்கூடாது.

கரண்ட் வேறு ஒருமுறை கண் சிமிட்டியது. வெட்டி, சுருக்கி, நாற்பத்தெட்டு கே.பி.யாக்கி, ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். இப்போது அந்தப் பெண் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஆனால் அன்று நான் பதற்றத்தில், “அக்கா, பிள்ளையை இன்னும் குறைக்கணும், ரொம்பப் பெருசா இருக்கா” என்று சொல்லிவிட்டேன். மரியபுஷ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏற்கெனவே எலும்பும் தோலுமா நிக்கா, இதுக்கு மேல எங்கிட்டுப் போயிக் குறைக்கச் சொல்லுத?”

அறுபத்து நாலு

ஏலக்காய் விவசாயி தங்கராசு அண்ணாச்சி அறுபத்து நாலு ஜி.பி. பென்டிரைவ் வாங்கினார். கம்ப்யூட்டரில் செருகினால் ஐம்பத்தொன்பது சொச்சம்தான் காட்டியது. செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது, பொருள் ஒன்றுதான் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏலம் விடும் இடத்துக்கு ஆண்டாண்டாய்ச் சரக்கு அனுப்பியவரிடம் என் கணக்கு எடுபடுமா?

“அங்கதான் சாம்பிள்னு அள்ளிட்டுத் திருப்பித் தரமாட்டானுவ, இதுலயும் சாம்பிள் எடுத்துட்டானுவளா?”

எட்டில் ஒன்று

எங்கள் சபைப் போதகர், ஆராதனையை வெளிநாட்டில் இருக்கும் சபைப் பிள்ளைகளுக்குக் காட்ட நூறு எம்.பி. வேக இணைப்பு வாங்கினார். வந்ததோ பன்னிரண்டரை. விளம்பரத்தில் இருந்தது மெகாபிட், திரையில் தெரிவது மெகாபைட், எட்டால் வகுக்கணும் ஐயா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

“பத்துல ஒண்ணு ஆண்டவருக்குன்னு சொன்னாலே நம்ம ஜனம் மொறைக்குது, இவன் எட்டுல ஒண்ணை நமக்குத் தந்துட்டு மிச்சத்தை விளம்பரத்துலயே வச்சுக்கிட்டானே!”

தெளிவு

மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து இடுப்பொடிந்தவர் லூர்துசாமி அண்ணன். உதவித்தொகைக்கு மருத்துவச் சான்றுகள் பன்னிரண்டு தாள். ஸ்கேன் செய்தால் ஒன்பது எம்.பி., இணையதளம் ஏற்பது ஒன்று. சுருக்கி அனுப்பினேன்; டாக்டர் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ‘தெளிவில்லை’ என்று திரும்பி வந்தது. தெளிவாக்கினேன், ‘அளவு அதிகம்’ என்றது. இப்படியே மூன்று தடவை.

கடைசியில் இருவரும் ஜீப் பிடித்து ஆபீசுக்கே போனோம். ஒரிஜினலை நீட்டினால் கிளார்க் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “இதொண்ணும் வேண்டா, சிஸ்டத்தில் கேற்றினா மதி. தெளிவா இருக்கணும், ஒரு எம்.பி. தாண்டக் கூடாது” என்றார் மலையாளத் தமிழில்; தாள் வேண்டாம், சிஸ்டத்தில் ஏற்றினால் போதுமாம். அண்ணன் ஊன்றுகோலை மேஜையில் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி நின்று ஒரு கேள்வி கேட்டார். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிளார்க் ஒரிஜினலை வாங்கி, தானே ஸ்கேன் செய்து ஏற்றினார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கேள்வி இதுதான்:

“நானே நேர்ல வந்து நிக்கேனே சார், நான் எத்தனை எம்.பி. இருப்பேன்?”

சுருக்குகிறவளுக்கு ‘ஏ கம்ப்யூட்டரம்மா’ என்றும், சுருக்கச் சொல்லி உத்தரவு போடுகிறவருக்கு ‘சார்’ என்றும் பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை சைபர் வித்தியாசம் என்று மட்டும் எந்த வாய்ப்பாட்டிலும் போடவில்லை.