சனிக்கிழமை வகுப்பும் திரும்பாத படகும்

2022 நவம்பர்: கல்முனையிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற படகொன்று கரை திரும்பவில்லை. எங்கள் பின்வீட்டுக்காரர் அதில் இருந்தார்.

2023 பெப்ரவரி: என் மனைவியும் நானும் சர்வதேச உறவுகள் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தோம்.

2023 செப்டெம்பர்: வேற்று நாட்டுக் கடலில் காணாமற்போகும் மீனவர் தொடர்பில் அரசுக்குள்ள கடமை பற்றிய அவளுடைய ஆய்வுத் தலைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

2024 ஜனவரி: மனைவி காலமானாள். அன்று அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் நடைபெற்றது.

2024 மார்ச்: பரீட்சை நடைபெற்றது. நான் எழுதினேன்.

இவற்றை எவரும் சரிபார்க்கலாம். இனி எழுதுவதற்கு என் நினைவைத் தவிரச் சான்றில்லை.

அவள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள்; நான் பொருளியல். வகுப்பில் இருந்தவர்கள் எங்கள் பிள்ளைகளிலும் இளையவர்கள். விரிவுரைகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. திருமணமான ஆண் அங்கு போய்க் குடியிருப்பவன். தளபாடங்களை இடம்மாற்றுவது பற்றி நான் ஒருநாள் அபிப்பிராயம் சொன்னபோது அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இது எனக்கு வாப்பா தந்த ஊடு. இறைமை என்ட. நீங்க இஞ்ச தூதுவர் மட்டுந்தான்."

"தூதுவருக்குச் சில சலுகைகள் உண்டே?"

"இரிக்கி. தேத்தண்ணி கேக்கலாம். தாறதா இல்லையா எண்டு அரசு தீர்மானிக்கும்."

பின்வீட்டுக்காரரின் மனைவி அவளிடம் படித்தவள். சனி மாலைகளில் அடுக்களை வாசலில் வந்து அமர்ந்து, "இண்டைக்கு என்ன ரீச்சர் படிச்ச?" என்று கேட்பாள்.

"நாடுகள் ஒண்டோட ஒண்டு எப்படிக் கதைக்கிற எண்டு."

"அப்ப எங்கட ஆளப் பத்தியும் ஒரு சொல்லுக் கதைக்கச் செல்லுங்களன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய நிலைமை கடினமானது. கணவனை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டினுள்ளே ஒதுங்கியிருக்கும் இத்தாவை அவள் தொடங்க வேண்டுமென்று கணவனின் சகோதரர்கள் வற்புறுத்தினார்கள். படகு போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இனி எவரும் வரமாட்டார்கள் என்பது அவர்களின் முடிவு. அவள் இணங்கவில்லை.

"எங்கயாவது ஒரு நாட்டு மறியல்ல அடைச்சி வெச்சிரிந்தா? நான் வெள்ளை உடுத்து மூலைக்குள்ள இரிக்கக்குள்ள அவரு வந்து கதவத் தட்டினா என்ன செல்ற ரீச்சர்? 'அதுக்குள்ள என்னய மௌத்தாக்கிப் போட்டியா' எண்டு ஊரெல்லாம் செல்லிச் சிரிப்பாரு."

பிரதேச செயலகத்தின் ஊடாக அமைச்சுக்கு மனைவி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். உரிய நாடுகளிடம் விசாரிக்கப்படுகின்றது என்று பதில் வந்தது. அதன் பின் ஒன்றும் வரவில்லை.

"காயிதம் அதுர பாட்டுல போகட்டும்," என்றாள் மனைவி. "நாம பஸ்ஸில போவம். அவருட படத்தக் கொண்டு ஒவ்வொரு தூதரகமா ஏறி இறங்குவம். உள்ளுக்கு விடாட்டி வாசல்ல நிப்பம்."

தனியாட்கள் அப்படிப் போய் நிற்பது முறையாகாது, அரசுகள் அரசுகளுடன்தான் பேசும் என்றேன். நான் கற்றிருந்ததும் அதுதான். பரீட்சையும் நெருங்கியிருந்தது.

"சரி, பரீட்சை முடியட்டும்," என்றாள். அந்த ஒரு விடயத்தில் அவள் இவ்வளவு எளிதாக இணங்கியிருக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழுந்தவள், கைகால் கழுவி வுழூச் செய்த இடத்திலேயே சரிந்தாள். வைத்தியசாலையில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

மனைவியை இழந்த ஆணுக்கு இத்தா இல்லை. அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போனேன். எவரும் என்னைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கலாம். பக்கத்து ஆசனத்தில் யாரும் அமரவில்லை. வெளிநாட்டில் அகப்பட்ட தன் பிரஜையைச் சந்திக்க ஓர் அரசுக்குள்ள உரிமை பற்றி அன்று விரிவுரை. அவள் பல மாதங்களாகக் காத்திருந்த பாடம் அது. எழுந்து கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருந்திருக்கும். நான் குறிப்பெடுத்தேன், எதுவும் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்த வாரம் பின்வீட்டுப் பெண் வந்தாள். அடுக்களை வாசலுக்குப் போகாமல் முன்வாசலிலேயே நின்றாள்.

"ரீச்சர் கொழும்புக்குப் போறெண்டு சென்னா. நீங்க போவீங்களா சேர்?"

"போவன் மகள்," என்றேன்.

போகவில்லை. முதலில் மனைவிக்காக ஓதிய கத்தம், பிறகு மழை, பிறகு முழங்கால் வலி. ஒவ்வொன்றும் உண்மையான காரணமே. பெறுபேறு வந்தது, திறமைச் சித்தி. சான்றிதழ் உறைக்குள்ளேயே இருக்கிறது.

நேற்று அவள் மீண்டும் வந்தாள். "ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு இத்தா இரிக்கணும் எண்டு முடிவெடுத்திட்டாங்க சேர். நானும் ஓம் எண்டு செல்லிட்டன். எத்தின நாளைக்குத்தான் மல்லுக்கட்டுற? அதுக்கு முதல் ஒரு பதில் கிடைச்சா..."

பெருநாளுக்கு அதிக காலமில்லை.

செய்யாமல் இருப்பவை:

கொழும்பு பஸ்ஸில் ஓர் ஆசனம் பதிவுசெய்தல்.

அவருடைய புகைப்படத்தைப் பின்வீட்டில் கேட்டு வாங்குதல்.

இயந்திரம் நின்றுபோன ஒரு படகை நவம்பர் மாதத்து நீரோட்டம் எந்த நாட்டுப் பக்கம் கொண்டுபோகும் என்று ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் விசாரித்தல்.

உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்றல்.

கிடைப்பது எந்தப் பதிலாயினும், பெருநாளுக்கு முன் அவளிடம் நேரில் சொல்லுதல்.