சிவப்பு அம்புக்குறி

நேற்று வாங்கிய பனியனைப் பிரித்தால், உள்ளே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். துணியில் டேமேஜ் உள்ள இடத்தைக் காட்ட, செக்கிங் செய்பவர்கள் ஒட்டுவது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திருப்பூரில் அம்மாவுக்கும் அந்த வேலைதான். அவர் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்டிக்கர்கள் என் சொத்து. பள்ளியில் 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' எட்டு என்றார்கள்; என் மண்டையில் ஏறியது நவுன் ஒன்றுதான். அந்தப் பெருமையில், ஆங்கிலப் புத்தகத்தில் கண்ட நவுனுக்கெல்லாம் அம்புக்குறி ஒட்டிவைத்தேன்.

தலைமுடியில் பஞ்சோடு வந்த அம்மா புத்தகத்தைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அம்புக்குறி தெரியும். முகம் வாடிப்போயிற்று.

"ஏங்கண்ணு, இத்தனை டேமேஜா? இங்கிலீஷ் மீடியம் ஒத்துவரலீன்னா பழைய பள்ளிக்கூடத்துக்கே போயிடறயா?"

"ஐயோ, இல்லீங்மா! ஒட்டுனதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுங்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. ஸ்டிக்கர் இல்லாத வார்த்தைகளைத் துணி நீவுவதுபோல் நீவினார். "அப்ப இதெல்லாம்?"

"அது மீதி ஏழு வகைங்மா. அதுலதானுங் டேமேஜ்."

மறுநாள் அம்மாவின் முந்தானை முழுக்கச் சிவப்பாக இருந்தது. "மீதி ஏழுக்கும் பத்துமா பாரு சாமி" என்றார்.

பனியனில் டேமேஜைத் தேடவில்லை. ஸ்டிக்கரோடே போட்டுக்கொண்டேன்.