சாக்கு எடை

எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னால் நான் முதலில் செருப்பைக் கழற்றுவேன். பிறகு கைப்பை, மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம். ஒருமுறை கொண்டை ஊசிகளையும் உருவி நர்ஸ் கையில் கொடுத்தேன். "இதுக்கு மேல கழட்டணும்னா ஆபரேஷன் தியேட்டருக்குத்தாங்க போகணும்" என்றாள் அந்தப் பெண். ஐம்பதைத் தாண்டியும் இப்படிக் கழித்துக் கழித்துப் பார்க்கும் புத்தி எனக்குப் பரம்பரைச் சொத்து. அப்பா நெல் வியாபாரி.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு பிளாட்பாரத் தராசு இருந்தது. அறுப்புக் காலத்தில் மூட்டைகள் அதில் ஏறி இறங்கும். முதலில் சாக்கின் எடையைக் கழிப்பார் அப்பா. அப்புறம் மூட்டையில் குத்தூசியைச் செருகி நாலு நெல்லை உருவி, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். காய்ந்த நெல் 'டக்'கென்று உடையும். ஈர நெல் சத்தமில்லாமல் நசுங்கும். நசுங்கினால் ஈரத்துக்கென்று இன்னொரு கழிவு. யாராவது முணுமுணுத்தால், "தண்ணியை எடை போட்டு வாங்க நான் என்ன பால்காரனா?" என்பார். அவர் பல்லை ஏமாற்றிய நெல் அந்தத் தாலுகாவில் விளைந்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், ஐப்பசி மழையில் சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை. பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பா துபாயில் இருந்தார். தாத்தாவும் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டதால் தாய்வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது எங்கள் வீடுதான். ஐந்தாம் மாசம். ஆள் ஈர்க்குச்சி. மழைக்கோட்டு மாதிரி புடவையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

கும்பகோணத்து டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரட்டைப் பிள்ளை. எடை நாற்பத்தோரு கிலோ.

"ஒண்ணுக்கே இது பத்தாது. ரெண்டுக்கு நல்லா ஏறணும். ஏறலைன்னா புள்ளைங்க சின்னதா, சீக்கிரமே பொறந்துடும். மாசா மாசம் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னதில், எடை என்ற சொல் மட்டும் அப்பா காதில் ஆழமாக இறங்கியது. நோய், மருந்து என்று பேசியிருந்தால் பயந்திருப்பார். எடை என்றால் அவர் பேட்டை. வீட்டிலேயே தராசு இருக்கும்போது எதற்குக் கவலை?

அம்மாதான் குறுக்கே நின்றாள். "வயித்துப்புள்ளைக்காரிய நெல்லு மூட்டை மாதிரி ஏத்தி எடை போடுவாங்களா? அதுவும் ரெட்டைப் புள்ள. கண்ணு படாது?"

"டாக்டரம்மா போட்டாங்களே."

"அது ஆஸ்பத்திரி. இது நாலு பேரு வந்து போற எடம்." பிறகு அம்மாவே இறங்கி வந்தாள். "போட்டுத்தான் ஆவணும்னா தனியா ஏத்தாதீங்க. துணைக்கு இவளையும் ஏத்துங்க. வர்ற எடை யாரோடதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானே! சாக்கு எடை கழிக்கற மாதிரி இவளைக் கழிச்சிட்டாப் போச்சு."

அப்படித்தான் நான் எங்கள் சித்திக்குச் சாக்கானேன். முதல் வியாழக்கிழமை என்னை மட்டும் ஏற்றி எடை பார்த்தார். முப்பது கிலோ. பிறகு இருவரையும் ஏற்றினார். எழுபத்தொன்று. கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் 41 என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். வருவதில் முப்பதைக் கழித்து எழுதுவார். என்னை மறுபடி தனியே ஏற்றிப் பார்க்கவில்லை. சாக்கு வளராது என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம்.

வீட்டில் சமையல் நெருப்பாக நடந்தது. உளுந்தங்களி, விரால் மீன் குழம்பு, முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றிய பொரியல், சித்தப்பா யார் கையிலோ கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம். தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சித்தி நாலு வாய் சாப்பிடுவாள். அப்புறம் மூச்சு வாங்கும். "உள்ள ரெண்டு பேரும் காலை நீட்டிப் படுத்துட்டாங்கடி. எனக்கு எடமே இல்ல. நீ சாப்புடு."

நான் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. என் தட்டையும் முடித்துவிட்டு அவள் தட்டையும் முடிப்பேன். சித்தியின் மேல் எனக்கிருந்த பாசத்தை இன்றுவரை இடுப்பில் சுமந்துகொண்டிருக்கிறேன்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடாதடி. பாவம், ஓடி ஓடி வாங்கிட்டு வர்றாரு" என்பாள். என் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள் ஒருநாள். "இந்த ரெண்டு பேரு மேலயும் சத்தியம் பண்ணு." பண்ணினேன். உள்ளே ஏதோ என் உள்ளங்கையை முட்டியது. சத்தியத்துக்கு அது சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் எண்கள் ஏறின. மார்கழிக் கடைசியில் 48. அப்பா அதைத் தள்ளி நின்று, ஓவியம் பார்ப்பது போலப் பார்த்தார்.

தை பிறந்ததும் சம்பா அறுப்பு. கொட்டகையில் நிற்க இடமில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் போனபோது ஆஸ்பத்திரித் தராசு கொஞ்சம் குறைவாகக் காட்டியதை, அது பழைய தராசு என்று அப்பா தள்ளியிருந்தார். மறுபடி டாக்டரிடம் போகவேண்டிய நாள் வந்தது. "எடைதான் நல்லா ஏறுதே. அறுப்பு முடியட்டும், போவோம்" என்றார் அப்பா. சுவரை ஒரு முறை காட்டியதும் அம்மாவும் சமாதானமாகிவிட்டாள். அதற்கேற்ப எடையும் பாய்ந்தது. மூன்றே வாரத்தில் 55. அம்மா பாயசம் வைத்தாள். சித்தியின் கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. வளைகாப்பு வளையல்கள் மணிக்கட்டில் பதிந்துவிட்டன. மெட்டியைக் கழற்றச் சோப்பு தேவைப்பட்டது. "இப்பதான் புள்ளத்தாச்சிக் களையே வந்திருக்கு" என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அம்மா உடனே மிளகாய் சுற்றிப் போட்டாள்.

எனக்கு அந்த நாட்களில் ஒரு புது விளையாட்டு கிடைத்திருந்தது. சித்தியின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கும். என் காலில் அழுத்திப் பார்த்தேன், விழவில்லை. பொறாமையாக இருந்தது. குழியில் ஒரு நெல்மணியை வைத்துவிட்டு, அது மேலே எழும்பி வரும்வரை எண்ணுவேன். முதலில் பத்து எண்ணுவதற்குள் வந்துவிடும். பிறகு முப்பது வரை போனது.

"கூசுதுடி" என்று சிரிப்பாள் சித்தி. பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். "தலை இடிக்குது. கண்ணுக்கு முன்னாடி மின்மினி பறக்குது பாரு."

பட்டப்பகல். நான் திரும்பித் திரும்பி மின்மினியைத் தேடினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்ததற்கும் பொறாமைப்பட்டேன்.

அடுத்த வியாழன் பதினோரு மணி இருக்கும். கீழத்தெரு விவசாயி ஒருவர் டிராக்டரில் நெல் கொண்டுவந்திருந்தார். அப்பா ஒரு நெல்லைக் கடித்துவிட்டுத் துப்பினார்.

"ஈரம்."

"ரெண்டு நாள் வெயில்ல கெடந்த நெல்லுங்க. நல்லாப் பாருங்க."

"வெயில்ல கெடந்தது மேல் நெல்லு. அடியில தண்ணி நிக்குது. என்கிட்டயே ஏமாத்தறீங்களே."

"உங்க பல்லுல இடி விழ" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுக்கியிருந்த மூட்டைகள்மேல் சாய்ந்து, எடைக்காகக் காத்திருந்த சித்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் ஒருபக்கம் இழுத்தது. கை கால்கள் வெட்டி வெட்டி உதற, அவள் மூட்டையிலிருந்து சரிந்து தராசின்மேல் விழுந்தாள்.

அந்த விவசாயிதான் முதலில் நகர்ந்தார். டிரெய்லரிலிருந்த மூட்டைகளை இறக்கவில்லை, உருட்டித் தள்ளினார். நாலைந்து பிரிந்து ரோட்டில் நெல் கொட்டியது. வைக்கோலைப் பரப்பிச் சித்தியைக் கிடத்தினார்கள். அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைத் தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. நானே ஏறிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெளியே வந்து கேட்டார். "கால் வீக்கம் எத்தனை நாளா? தலைவலி? கண்ணு மங்கறதா சொன்னாங்களா?"

எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த ஒரே ஆள் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. என்னை அவர் கேட்கவில்லை. அப்பாதான் பதில் சொன்னார். "எடை நல்லா ஏறிட்டிருந்துச்சுங்க டாக்டர். வாராவாரம் போட்டுக்கிட்டுதான் இருந்தோம். மூணு வாரத்துல ஏழு கிலோ."

"மூணு வாரத்துல ஏழு கிலோ ஏறினா அது உடம்பு இல்லீங்க" என்றார் டாக்டர். "தண்ணி."

அப்பாவின் தாடை எதையோ மெல்வது போல அசைந்தது.

மறுநாள் காலையில் சித்தி போய்விட்டாள். வயிற்றைக் கிழித்து எடுத்த இரண்டில் ஆண் குழந்தை சாயங்காலம்வரை இருந்தது. பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். இன்றும் ஒல்லிதான். என்னைப் பார்த்தால், "அக்கா, எனக்கும் சேத்து நீயே சாப்புட்டியா?" என்று கேலி செய்வாள். விளையாட்டாகத்தான் கேட்கிறாள். நானும் விளையாட்டாகத்தான் சிரிக்கிறேன்.

சாப்பாட்டால் வந்த நோயல்ல, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு அது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் அந்தத் தட்டுகளைத் தொடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கலாமாம். ஆனால் எண்கள் ஏறாமல் நின்றிருந்தால் அப்பா அந்த மாசம் டாக்டரிடம் போயிருப்பார். போயிருந்தால் காலைப் பார்த்திருப்பார்கள். நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தைந்து, பதினாலு கிலோ. அதில் ஆறு என்னுடையது. மீதியில் தண்ணீரையும் இரண்டு குழந்தைகளையும் கழித்தால் சித்திக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கழித்தலை நான் போட்டபோது எனக்கு முப்பது வயது. அப்பா அதற்கு வெகுகாலம் முன்பே போட்டுவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அது. கொட்டகைக்கு என்னைக் கூப்பிட்டார். சுவரில் 55 அப்படியே இருந்தது.

"ஏறு" என்றார்.

பக்கத்தில் சித்தி இல்லாமல் ஏறுவது விசித்திரமாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்பா தராசுத் தண்டின் எடைக்குண்டை நகர்த்தினார். திரும்ப நகர்த்தினார். முப்பத்தாறு.

என்னைப் பார்க்காமலே கேட்டார். "சித்தி சாப்பிட்டுச்சா?"

நான் சத்தியத்தை நினைத்தேன். இரண்டு பேர்மேல் பண்ணியது. ஒன்று போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்று உள்ளே அம்மா மடியில் பஞ்சில் சுற்றிக் கிடந்தது. அதையாவது நான் காப்பாற்ற வேண்டும்.

"சாப்பிட்டுச்சுப்பா" என்றேன். "தட்டை வழிச்சு, எல்லாத்தையும்."

அப்பா தலையை ஆட்டினார். ஈரத் துணியை எடுத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். கீழிருந்து மேலாக, 41 வரை. நான் இறங்காமல் நின்றிருந்தேன். எத்தனையோ வாரம் சாக்காகவே ஏறியவளுக்கு முதன்முறையாகத் தனக்கென்று ஒரு எடை வந்திருந்தது. அதுவும் நல்ல எடை.

"என்னோடதை எழுதலையாப்பா?" என்று கேட்டேன்.