கடப்பாரையில் மாட்டிய மோதிரம்

விலை கூடிய உலோகம் எல்லாம் கெட்டியாக இருக்கும் என்று என் கல்யாணத்துக்கு முதல்நாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன். ஆதாரம் இல்லாமல் இல்லை. அலுமினியக் குண்டான் கீழே விழுந்தால் சொட்டையாகும். மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டைச் சுத்தியலால் தட்டினால் தோசையாகிவிடும். இரண்டும் மலிவு. அப்படியானால் பவுன் இரும்பையே மிரட்ட வேண்டாமா?

எண்பதுகளின் தொடக்கம். பெண் வரிச்சிக்குடி. மாதா கோயிலில் சாமியார் மந்திரிப்பதற்கு முன் அளவு பார்த்துக்கொள்ளச் சொல்லி, எனக்கான மோதிரத்தை மாமனார் காரைக்காலில் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்தேன். விரல் கணுவைத் தாண்டவில்லை. சோப்பு தடவியும் அசையவில்லை. பத்தரிடம் போனால் எனக்கு முன்னால் செய்தி வரிச்சிக்குடிக்குப் போய்விடும். மாப்பிள்ளைக்கு விரலா வெண்டைக்காயா என்று பெண் வீட்டில் சிரிப்பார்கள். நானே காரியத்தில் இறங்கினேன்.

கொல்லையில் கடப்பாரை கிடந்தது. நுனி கூர், போகப்போகத் தடிப்பு. கழுவித் துடைத்து, மோதிரத்தை மாட்டி, துணி சுற்றித் தட்டினேன். பவுனாயிற்றே, லேசில் மசியாது என்று பலமாகவே தட்டினேன். கழற்றினால் கட்டைவிரலில் தொளதொளவென்று ஆடியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பவுன் வளர்கிறதா? வளருமானால் வீட்டுக்கு வீடு ஏன் யாரும் தட்டிக்கொண்டிருக்கவில்லை? அப்புறம்தான் அது மெலிந்துபோயிருப்பது கண்ணில் பட்டது. இத்தனை சுலபமாக நீண்டால் இது ஈயம், மேலே முலாம். மாமனார் ஏமாற்றிவிட்டார். கல்யாணத்தை நிறுத்தலாம் என்றால் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பதற்றத்தில் குறட்டால் நெரித்தேன். மோதிரம் முட்டை வடிவம் எடுத்தது.

அக்காவின் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, மோதிரம் குடுத்தா வளையல் பண்ணிக்கிட்டிருக்க?"

ஈயக் கதையை மெல்லச் சொன்னேன்.

"பவுன் வளையாதுன்னா உங்கக்கா வளையல எப்புடி வளைச்சாங்க?"

"அது நெருப்புல காட்டியிருப்பாங்க அத்தான்."

அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இருவரும் கடப்பாரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் மோதிரத்தின் உள்பக்கம் நூல் சுற்றித் தந்துவிட்டு, எதுவானாலும் கல்யாணம் முடியட்டும் என்றார்.

மறுநாள் பீடத்தின் முன் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது, பெண்ணுக்குச் சம்மதம், மோதிரத்துக்குத்தான் தெரியவில்லை என்று மனதுக்குள் சொல்லி, வாயால் சம்மதம் என்று மட்டும் சொன்னேன். அவள் மோதிரத்தைப் போட்டாள். கணுவைத் தாண்டிய வேகத்தில் நூல் அவிழ்ந்து தொங்கியது. மோதிரம் ஆடியது.

"என்னங்க பண்ணுனீங்க இத?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

நான் பீடத்தைப் பார்த்தேன். அவள் மோதிரத்தை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினாள். அது வளைந்து என் விரலைக் கவ்விக்கொண்டது. அடுத்த வாரம் பத்தர் உரசிப் பார்த்தார். நல்ல பவுன்.