வலது பக்கத்து மெடல்

“ஆச்சி, நீங்க வீம்புக்குப் பேசுதிய. அந்த மெடல் அந்த ஆளுக்குக் கொடுத்ததா இருக்கவே முடியாது,” என்றார் அம்மையப்பன்.

“கொடுக்காமலா நெஞ்சுல குத்திட்டுப் போறாரு?” என்றேன் நான்.

“அதைத்தான நானும் கேக்கேன்.”

அரபு நாட்டில், ரூவி என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படியில் நடந்த பேச்சு இது. எழுபத்தேழாம் வருஷம், நவம்பர் மாதம். அம்மையப்பன் எங்களுக்கு எதிர்வீடு, கப்பல் ஆபீசில் வேலை. அவர் கள்ளன் என்று சொன்னது கீழ்வீட்டு டன்போர்டு துரையை. வெள்ளைக்காரர், வயது அறுபதை ஒட்டும், லாரி ரிப்பேர் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். வருஷத்தில் ஒரு நாள், நவம்பரில், சண்டையில் செத்துப்போன சிப்பாய்களுக்காக சர்ச்சில் ஜெபம் வைக்கும் ஞாயிற்றுக்கிழமையில், கறுப்புக் கோட்டில் இரண்டு மெடல் குத்திக்கொண்டு போவார்.

அம்மையப்பனின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவருக்கு விஷயம் தெரியும். மெடலை இடது நெஞ்சில் குத்துவதுதான் முறை, துரை வலது நெஞ்சில் குத்துகிறார். ஒரு மெடலில் ராணியின் தலை இருக்கிறது, ஆனால் துரை சண்டை போட்டது ஹிட்லர் காலம், அப்போது ராஜா அல்லவா இருந்தார். இன்னொன்றில் இந்த நாட்டுக் கத்தி. அது சலாலா மலையில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்தது. துரை இங்கே வந்ததே அந்தச் சண்டை முடிந்த பிறகுதான்.

அவர் அடுக்கிக்கொண்டே போனார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

“அவரு குதிரைப் படையில இருந்தவரு. அது மட்டும் எனக்குத் தெரியும்.”

“குதிரைய நீங்க பாத்தியளா?”

“கழுதையப் பாத்தேன்.”

அம்மையப்பன் சிரித்துவிட்டார். ஆனால் நான் பார்த்தது நிஜம். தண்ணீர் கொண்டுவரும் பலூச்சிக்காரனின் கழுதை ஒரு நாள் நொண்டியது. துரை அதன் தோளோடு தோள் சேர்ந்து நின்று, காலை மெதுவாகத் தடவிக்கொண்டே கீழே குனிந்தார். உதைக்கிற கழுதை, தானாகக் காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தது. குளம்பில் இருந்த கல்லை எடுத்துவிட்டு அதன் கழுத்தில் தட்டிக்கொடுத்தார். அப்படிப்பட்டவன் பொய்க்காரனா?

என் மகள் சுகிர்தராணி நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஹிந்தி பழகியவள். துரையும் பதினேழு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து மீரட்டில் இருந்ததால் ஹிந்தி பேசுவார். அவள் மூலமாகத்தான் அவர் கதை கொஞ்சம் எனக்குத் தெரியும். அவர் ஏறிய குதிரையை ஒரு நாள் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம். பதிலுக்கு டாங்கி என்ற பீரங்கி வண்டி வந்ததாம். அதற்குப் பிறகும் குதிரைப் படை என்றே பெயர். ஆப்பிரிக்கா மணலில் அந்த டாங்கிக்குள் இருந்தபடி இரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறார். அந்தச் சண்டைக்கான மெடலை எழுதிக் கேட்டால் அனுப்புவார்களாம். இவர் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “என் கூட்டாளிகள் எல்லோரும் மணலில் கிடக்கிறார்கள். எனக்கு எதற்கு?” என்றாராம். அதை நான் சொல்லக் கேட்டதும் அம்மையப்பனுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

“அவருக்குனு மெடலே வரலன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. அப்போ குத்தியிருக்கது யாருதாம்?”

அதோடு நிற்கவில்லை. கட்டட முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார். முதலாளியின் தம்பி சலாலாவில் சண்டை போட்டவர். சுல்தான் கொடுத்த மெடலை வேறொருத்தன் குத்திக்கொள்வதா என்று முதலாளிக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்பேன், சரியான பதில் இல்லாவிட்டால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கோட்டில் ஒரு பொத்தான் தைக்கச் சொல்லி துரை சுகிர்தராணியிடம் கொடுத்திருந்தார். தைத்தவள் சும்மா இருக்கவில்லை. மெடல் இரண்டையும் கழற்றி இடது பக்கம் குத்திவிட்டாள்.

“ஒரு குறையாவது கொறையட்டும்மா. பாவம், தெரியாம குத்திருப்பாரு,” என்றாள்.

ஞாயிறு காலையில் துரை கோட்டை வாங்க மேலே வந்தார். அவர் பின்னாலேயே முதலாளியும் அம்மையப்பனும் படியேறி வந்தார்கள். துரை கோட்டை மாட்டி, பொத்தானைப் போடக் குனிந்தார். இடது நெஞ்சில் மெடலைப் பார்த்தார். மெடல் ஊசியைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை.

“யே மேரா நஹீ ஹை,” என்றார். இது என்னுடையது இல்லை.

“கேட்டியளா ஆச்சி? அவரே சொல்லிட்டாரு.”

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“மேரே பேட்டே கா,” என்றார் துரை.

ரூவியில் பேட்டா என்ற சொல் தெரியாதவர் உண்டா? மகனுடையது. துரை ஹிந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாளிக்கு அது புரியும், எனக்குச் சுகிர்தராணி தமிழில் சொன்னாள். ஒரே மகன், பெயர் ராபின். அப்பா இருந்த அதே படையில் சேர்ந்தவன். சலாலா மலைப்பாதையில் கவச வண்டி ஓட்டிப் போனபோது கண்ணிவெடியில் செத்தான். வயது இருபத்திரண்டு. ராணி மெடலும் கத்தி மெடலும் தபாலில் வந்தன. செத்தவர் மெடலைச் சொந்தக்காரர்கள் வலது பக்கம்தான் குத்த வேண்டும், அது அவர்கள் நாட்டு வழக்கம். இடது பக்கம் குத்தினால் மகன் பட்டதை அப்பன் தனதாக்கிக்கொண்ட மாதிரி.

கீழ்வீட்டில் ஒன்றரை வருஷமாக நாங்கள் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்த நேரத்தில்கூட இந்த மனுஷன் அதைச் சொன்னதில்லை. சுகிர்தராணி அழுதுகொண்டே மெடலை வலது பக்கம் மாற்றினாள். முதலாளி துரையின் கையைப் பிடித்து, “கலாஸ், கலாஸ். முடிந்தது, விடுங்கள். உங்கள் வீடு இது,” என்றார். அம்மையப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு நிலைத்தது, ஆள் நிலைக்கவில்லை. அன்று முதல் துரை படியில் வந்தால் பேச்சு நின்றுவிடும். சத்தம் போட்டு அவரை வருத்தக் கூடாதென்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுத் தூக்கு அவர் வாசலில் வரிசையாக இருக்கும். ஒரு மாசத்தில் சலாலாவில் ஒரு பட்டறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“எதுக்குப் போறிய துரை? இனி ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ,” என்றேன்.

சுகிர்தராணி அவர் பதிலை எனக்குச் சொன்னாள்: “அதுதாம்மா அவருக்குத் தாங்கலயாம். கள்ளன்னு பேசுனப்போ காலைல எந்திரிச்சு வேலைக்குப் போயிருவாராம். இப்போ எல்லார் மூஞ்சியிலயும் ராபின் செத்துக் கிடக்கானாம்.”

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை டாக்சி வந்தது. இரும்புப் பெட்டியைத் தூக்க அம்மையப்பன் ஓடி வந்தார். துரை நகர்ந்து அவருக்கு ஒரு பக்கத்தை விட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வாசலைத் தாண்டினார்கள்.