லாரியில் ஏறிய மர்ம நாவல்

எங்களுக்குள் நடந்த முதல் சண்டை வேறொரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றியது. அந்த இரண்டு பேரும் உலகத்தில் இல்லவே இல்லாதவர்கள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த மர்ம நாவல்களில் ஒன்றில், ஒரு மலை பங்களாவில் குடியிருந்தவர்கள். அட்டைப்படத்தில் அவள் பயந்துபோய் நிற்பாள், பின்னால் அவன் கையில் டார்ச்சோடு நிற்பான். அவர்களுக்காக நாங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில், ஓடுகிற லாரிக்குள், தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடிக்கு, வழக்கப்படி திருவொற்றியூரிலிருந்து என்னை ராயபுரத்துக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆடி முடிந்ததும் புருஷன் பூவும் பழமுமாக வந்து கூப்பிட்டுப் போக வேண்டும். ஆடி முடிந்தது. ஆவணியும் முடிந்து புரட்டாசி பிறந்துவிட்டது. என்னைப் போலவே ஆடிக்கு வந்திருந்த பக்கத்துத் தெருப் பெண் திரும்பிப் போய், முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தியும் வந்துவிட்டது. என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை.

வராததில் எனக்குப் பாதி நிம்மதி, பாதி அவமானம். திருவொற்றியூர் வீடு ஒரே அறை. சமையலுக்கு ஒரு தடுப்பு. மாமியார், கொழுந்தன், நாத்தனார், நாங்கள் இரண்டு பேர். அவர் ஹார்பரில் இறங்கும் சரக்கை வெளியூர்களுக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். போனால் நாலு நாள், வந்தால் தூக்கம். அந்த வீட்டில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு நிரம்பாது. சாப்ட்டியா. தூங்கு. வர ரெண்டு நாளாவும். திட்டுகிற புருஷனாக இருந்தால் பதிலுக்குத் திட்டலாம். பேசாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாரோ கட்டாயப்படுத்தித்தான் அவர் என் கழுத்தில் தாலி கட்டியிருக்கிறார் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் வந்து எங்கள் வாசலில் நின்றார். கையில் பூவும் இல்லை, பழமும் இல்லை.

"குன்னூருக்கு லோடு. கிளீனர் லீவு. வரியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைக் கூப்பிடுகிற லட்சணமா இது? ஆனால் அம்மா என்னை உள்ளே இழுத்துப்போய், "போய்ட்டு வா. போற வழியில பேசி ஒரு முடிவு எடுத்துக்கினு வா. வாழ்றதுன்னா வாழு, இல்லாங்காட்டி இங்கியே இருந்துடு. நடுவுல தொங்கிகினு இருக்காத" என்றாள். அம்மா சொன்னது நியாயம். திரும்பி வரும்போது நான் எந்த வீட்டில் இறங்குவேன் என்பது எனக்கே தெரியாமல்தான் புடவை மாற்றினேன்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த புது நாவல் ஒன்றை வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்பதுதான் காரணம்.

உளுந்தூர்பேட்டை வரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடி நடந்தது. அவர் ஓட்டினார், நான் படித்தேன். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி மலை பங்களாவுக்கு வருகிறாள். புருஷனின் முதல் மனைவி பள்ளத்தில் விழுந்து செத்தவள். தானாக விழுந்தாளா, தள்ளிவிட்டார்களா என்று ஊர் முணுமுணுக்கிறது. புருஷன் தினமும் சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கோ போகிறான், எங்கே என்று சொல்வதில்லை. மலை ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் மட்டும் அவளிடம் அன்பாகப் பேசுகிறார். எனக்குப் படபடவென்று இருந்தது. இந்த மாதிரிக் கதையில் ஒரு சுகம் உண்டு. காதலும் இருக்கும், கழுத்தில் கத்தியும் இருக்கும். அவன் அவள் தலையில் பூ வைக்கும்போது நமக்குப் புல்லரிப்பது பூவாலா பயத்தாலா என்று தெரியாது.

"இன்னா கதை அது? பக்கத்துல லாரி போறதுகூட தெரியாம படிச்சிகினு கீற" என்றார் திடீரென்று.

சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"நீ கதை சொல்லாத. அதுல இன்னா போட்டுகீதோ அத்த அப்டியே படி. மொதல்லேர்ந்து."

இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்க வேண்டியிருந்தது. சேலம் நெருங்கும்போது அந்தப் பெண்ணும் அவனும் மழைக்கு ஒதுங்கி நிற்கிற இடம் வந்தது. எழுத்தாளர் அங்கே கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருந்தார். நான் ஒரு பக்கத்தை நைசாகத் தள்ளிவிட்டு மழை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"நடுவுல இன்னாமோ உட்டுட்ட" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

"பிரின்ட் மங்கலா கீது."

"எனுக்கு கண்ணு நல்லாத்தான் தெரியும். வண்டி நிக்கும்போது குடு, நா படிச்சிக்கிறேன்."

டீக்கு நிறுத்திய இடத்தில் அவர் உண்மையாகவே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, விரல் வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காது சிவந்திருந்தது. இந்த ஆளுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலையில் கல்லாறு தாண்டி ஏறத் தொடங்கினோம். அந்தப் பக்கம் பாக்குத் தோப்பு, இந்தப் பக்கம் பாறை, மேலே பஞ்சு மாதிரி மேகம். எண்ணூர் புகையையும் ஹார்பர் தூசியையும் பார்த்தே வளர்ந்த எனக்கு, மூச்சு இழுத்தால் மூக்கில் எதுவும் உறுத்தாமல் இருந்ததே பெரிய அதிசயமாகப் பட்டது. கதையும் அதே மாதிரி மலையில்தான் நடந்துகொண்டிருந்தது. வளைவுகளில் மட்டும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எதிர் வண்டியின் ஹார்ன் காதில் விழ வேண்டும் இல்லையா? வளைவு வந்தால் நான் வாயை மூடுவேன், வண்டி முக்கி முனகித் திரும்பும், நேர் பாதை வந்ததும் "ம்" என்பார், நான் தொடருவேன். எழுத்தாளர் நிறுத்தாத இடத்தில் எல்லாம் மலை நிறுத்தியது. அவள் பீரோவைத் திறக்கிறாள், வளைவு. உள்ளே பாதி எரிந்த பட்டுப்புடவை, வளைவு. கதவருகே காலடிச் சத்தம், இன்னொரு வளைவு. இவ்வளவு ருசித்து நான் எந்த நாவலையும் படித்ததில்லை.

அவள் புருஷன் பின்னாலேயே இருட்டில் ஒளிந்து போகிற கட்டத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"இந்தப் பொண்ணுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா? எங்கய்யா போய்ட்டு வரன்னு ஒரு வார்த்த கேட்டா தீந்துச்சு. அத்த உட்டுட்டு பீரோவ நோண்டிகினு, பின்னாலயே போய்கினு."

"அவ ஏன் கேக்கணும்? டார்ச்ச தூக்கினு போறவன்தான் சொல்லணும். அவனுக்கு வாயில்லியா?"

"சொல்ற மாதிரியா கீது அந்த வூடு? எப்பப் பாரு வேலக்காரி, சமையக்காரன், டாக்டருன்னு நாலு காது கேட்டுகினே கீது. அதுக்கு நடுவுல அவன் இன்னான்னு சொல்லுவான்?"

"அதே நாலு காதுக்கு நடுவுல அவ மட்டும் எப்டி கேப்பா?"

"ராத்திரியில கேக்கறது."

"ராத்திரியில நீதான் படுத்ததும் தூங்கிடுறியே" என்று கத்திவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் வளைவுகள் மட்டும்தான் வந்தன.

பர்லியாறு வந்தபோது இன்ஜின் சூடேறிவிட்டது. ஓரமாக நிறுத்தி, "இறங்கி வீலுக்குப் பின்னால கட்டை போடு" என்றார். கிளீனர் வேலை. நான் சீட்டுக்கு அடியிலிருந்த மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். கையெல்லாம் கருப்பு. திரும்பி வந்தால் அவர் கடையில் அவித்த வேர்க்கடலை வாங்கி வைத்திருந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். கடலையை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்பால?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் இளகிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தைத் திரும்பவும் எடுத்தேன்.

கடைசி அத்தியாயம் குன்னூரில், தேயிலை பேக்டரி வாசலில் நடந்தது. உள்ளே மெஷின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே பனி. ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தபடி சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தோம். கொலைகாரன் அந்த டாக்டர். புருஷன் தினமும் டார்ச்சோடு போனது முதல் மனைவியின் அப்பாவைப் பார்க்க. கண் தெரியாத கிழவர், மகள் செத்ததே தெரியாமல் கீழே ஒரு குடிசையில் இருக்கிறார். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று சொல்லி, சோறு ஊட்டிவிட்டு வருகிறான் இவன்.

"நா சொன்னேனா இல்லியா, அவன் நல்லவன்னு" என்றார். சுமை இறக்குகிறவர்களிடம்கூட, "அந்த டாக்டர்தாம்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அப்புறம் காலி கிளாஸைக் கையில் உருட்டினார்.

"இத்த சொல்றதுக்கு இன்னா அவனுக்கு? சொல்லிருக்கலாம்."

"அவளும் கேட்டிருக்கலாம்" என்றேன்.

இரண்டு பேருமே தோற்றுப்போனதில் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது.

இறங்கும்போது வண்டியில் தேயிலை மூட்டை. சின்ன கியரில், உறுமிக்கொண்டே மெதுவாக இறங்கியது. படிக்க ஒன்றும் இல்லை. கேட்காமல் விட்டால் அந்த மலை பங்களாக்காரியை விட நான் எந்த விதத்தில் புத்திசாலி என்று தோன்றியது. கேட்டேன்.

"ஆவணியில என்ன கூப்புட ஏன் வரல?"

"வந்தேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பொய் சொல்லாத. நான் வூட்லதான் இருந்தேன்."

"பூ பழம்லாம் வாங்கிகினு தெரு முனை வரைக்கும் வந்தேன். மொட்ட மாடியில நீ உன் தங்கச்சிங்களோட சிரிச்சிகினு இருந்த. கீழ ரோடு வரைக்கும் கேக்குது. நம்ம வூட்டுக்கு வந்து இத்தினி மாசத்துல உன் சிரிப்ப நா ஒரு தபாகூட கேட்டதில்ல. எந்த மூஞ்சிய வச்சிகினு வா, போலாம்னு கூப்புடறது? திரும்பிட்டேன். அப்பால ஒரு தபா வந்தேன், அன்னிக்கும் அப்டித்தான்."

"மேல ஏறி வந்திருந்தா நீயும் சிரிச்சிருப்ப இல்ல?" என்றேன்.

"நா வந்தா நீ நிறுத்திடுவ."

அவர் சொன்னது நிஜம். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டிருந்தால் நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றிருப்பேன். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று மாசக்கணக்கில் வருத்தப்பட்ட நான், அவரைப் பார்த்து ஒரு தரம் சிரித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கவே இல்லை. அழுதுவிட்டேன். அவர் வளைவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "மெட்ராஸ் போனதும் உன்ன ராயபுரத்துல உட்டுடட்டுமா?" என்று கேட்டார். கட்டளையாக இல்லை. கேள்வியாகவே கேட்டார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "தனியா ஒரு வூடு பாருய்யா. பொந்து மாதிரி இருந்தாலும் பரவால்ல. நாலு காது இல்லாம நம்ம ரெண்டு பேரும் பேசணும். எனக்கு சத்தமா சிரிக்கணும்."

அவர் இரண்டு தரம் தேவையில்லாமல் ஹார்ன் அடித்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"எர்ணாவூர்ல ஒண்ணு பாத்து வச்சிகீறேன். ஆடிக்கு முன்னாலயே. உங்கிட்டதான் சொல்லல."

திட்டுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, சீட்டில் சாய்ந்து சிரித்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினையும் நிறுத்திவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.